தலையும் காலும் இல்லாத சாரன்

எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம். வட்டைக்குள் யாருக்கு எந்த நாளில் எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பங்கிடுகிறவர் வட்டவிதானை. சம்மாந்துறைக்கு மேற்கே எங்கள் வட்டையில் அந்தப் பதவி என் மனைவியின் தமையனிடம் இருந்தது. அதே வட்டையின் வாய்க்காலில் கடைசி வயல், தலைப்பிலிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது, என்னுடையது. ஒன்றரை ஏக்கர். மச்சான் விதானை என்றால் தண்ணீருக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் கலியாணம் முடிக்காதவர்கள். சொந்தக்காரனைக் கடைசியில் வைத்தால்தான் விதானை நேர்மையானவர் என்று ஊர் நம்பும். மச்சான் நேர்மையானவராக இருக்க ஆசைப்பட்டார். அந்த ஆசைக்கு என் வயல் காய்ந்தது.

சிறுபோகத்தில் மழை இல்லை, குளத்துத் தண்ணீர்தான். முதல் வயல்காரர் தன் வயலை நிரப்பி, மாட்டைக் கழுவி, அதன் பிறகும் மதகை மூட மறந்துவிடுவார். இரண்டாமவருக்கும் அதே மறதி. என்னிடம் வந்து சேரும்போது வாய்க்காலில் ஈரம் இருக்கும். அதைத் தண்ணீர் என்று சொல்வதற்குக் கண்ணால் காணாததை நம்புகிற ஈமான் வேண்டும்.

முறைப்பாடு எழுதியிருக்கலாம். நான் பாடசாலை ஒன்றில் கிளாக்கர். எழுதுவது என் தொழில். ஆனால் எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன். நான் இருந்த வீடு மச்சானின் வாப்பா கட்டியது. அந்த ஒன்றரை ஏக்கரும் அவர் சீதனமாகத் தந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து மச்சான் எங்களோடுதான் சாப்பிடுவார். மீன் தலை அவருக்கு. அவருக்கு எதிராக முறைப்பாடு எழுதுவதானால் அவருடைய வாப்பா வாங்கிய மேசையில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

ஆகவே நாட்குறிப்பில் எழுதினேன். சிறுபோகம் தொடங்கினால் தினமும் சுபஹு தொழுதுவிட்டு சைக்கிளில் வட்டைக்குப் போவேன். முதல் வயலிலிருந்து பன்னிரண்டாவது வரை வரம்பால் நடந்து, எந்த வயலில் தண்ணீர் பாய்கிறது, எதில் இல்லை என்று குறித்துக்கொண்டு, எட்டு மணிக்குள் பாடசாலைக்கு வந்துவிடுவேன். ஆறு சிறுபோகம், ஆறு கொப்பி.

"நீங்க வெள்ளாம செய்றீங்களா, வெள்ளாமைக்கு இடாப்புக் கூப்பிடுறீங்களா?" என்று, பிள்ளைகளின் வரவு குறிக்கும் பாடசாலை இடாப்பை நினைத்து மனைவி கேட்டாள். அந்தக் கேள்வியையும் எழுதி வைத்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு விரிவுரையாளர் ஆராய்ச்சிக்காக ஊருக்கு வந்தார். மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் புவியியல் படிப்பித்தவர். அவருடைய ஆராய்ச்சித் தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பீடி அணைந்துவிடும். சுருக்கமாக, வாய்க்கால் தண்ணீர் எல்லோருக்கும் சமமாகப் போகிறதா என்பதுதான் கேள்வி. விதானைமாரிடம் போய் இதைக் கேட்டிருக்கிறார். எல்லா விதானைகளும் சமமாகப் போகிறது என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். ஆராய்ச்சி அதோடு முடியும் நிலையில் இருந்தபோது வாசிகசாலையில் என்னைச் சந்தித்தார். நான் அங்கே செயலாளர். கொப்பிகளைக் கொடுத்தேன்.

இரண்டு மணி நேரம் தலை நிமிராமல் வாசித்தார். "காக்கா, இது புதையல்" என்றார், அண்ணன் முறை வைத்து.

"புதையல் இல்ல சேர். கொப்பி" என்றேன்.

மூன்று மாதம் கழித்து அவர் கட்டத்தாளில் ஒரு வரைபடத்தோடு வந்தார். முதல் வயலுக்குத் தண்ணீர் கிடைத்த நாட்கள் ஒரு தென்னை உயரத்துக்கு நின்றன. என் வயல் நாட்கள் அதன் அடியில் கிடந்த குரும்பட்டி மாதிரி இருந்தன. எனக்கு உடனே விளங்கியது. எழுதியவன் நான் அல்லவா. அதை வாசிகசாலைச் சுவரில் ஒரு வாரம் ஒட்டி வைத்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கும் காய்ச்சல் அட்டையா இது என்று ஒருவர் கேட்டார். எந்தத் தொகுதி, யார் வென்றது என்று இன்னொருவர் கேட்டார். மச்சான் வந்து, அதன் முன்னால் நின்று தேத்தண்ணி குடித்து முடித்து, "வடிவா இரிக்கி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விரிவுரையாளர் மனம் உடைந்து இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. படித்தவர்கள் கண்ணில் அப்படி வெளிச்சம் வந்தால் வாசிகசாலைச் செயலாளருக்குத்தான் வேலை.

"ஆராய்ச்சி தனியக் கதைச்சா ஆருக்கும் விளங்காது காக்கா. கலையோட சேந்து கதைக்கணும். ஒரு கண்காட்சி வைப்பம். நீர்ப்பாசன எஞ்சினியரைக் கூப்பிடுவம். வட்டைக் கூட்டத்துக்கு முந்தின நாளாப் பாத்து வைப்பம்."

வட்டைக் கூட்டத்தில்தான் எஞ்சினியர் முன்னிலையில் அந்தப் போகத்துத் தண்ணீர் முறை முடிவாகும். அந்த நிமிடத்தில் என் கணக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. எஞ்சினியர் சுவரைப் பார்ப்பார். பன்னிரண்டாவது வயலுக்கு ஏன் தண்ணீர் இல்லை என்று அவரே கேட்பார். மச்சான் அவருக்குப் பதில் சொல்வார். நான் வெள்ளிக்கிழமை வழக்கம்போல் மீன் தலையை அவர் சோற்றுக் கோப்பையில் வைப்பேன். கலைக்கு நான் செய்த ஒரே தொண்டின் பின்னால் இருந்த நோக்கம் இதுதான்.

கண்காட்சிக்கு முன்னோடியாக ஒரு கலந்துரையாடல் வேண்டும் என்றார் விரிவுரையாளர். வெவ்வேறு துறைக்காரர்கள் ஒருவரோடொருவர் கதைத்தால் புதிதாக ஒன்று பிறக்குமாம். பாண்டிருப்பிலிருந்து சித்திர மாஸ்டரை அழைத்தார். மருதமுனையில் நான்கு தறி வைத்திருந்த, எல்லோரும் ராத்தா என்று கூப்பிடும் அக்கா ஒருவரையும் அழைத்தார். எனக்குத் தறியை விட்டு வர நேரமில்லை, வேண்டுமானால் நீங்கள் எல்லோரும் இங்கே வாருங்கள் என்று ராத்தா சொல்லி அனுப்பினார். போனோம். தறியை நிறுத்தவும் அவர் சம்மதிக்கவில்லை.

"கதையுங்க தம்பி. கையும் காலும்தான் வேலையில. காது சும்மாதான் இரிக்கி."

கூட்டக் குறிப்பு என்னிடம் இருக்கிறது. பிற்பகல் 3.10 முதல் 4.50 வரை. தறி நான்கு முறை நின்றது: நூல் அறுந்து இரண்டு முறை, தேத்தண்ணிக்கு ஒரு முறை, அஸர் தொழுகைக்கு ஒரு முறை. பல துறைகளின் உரையாடல் முழுவதும் இந்த இடைவெளிகளில்தான் நடந்தது. மற்ற நேரமெல்லாம் தறிச் சத்தத்தில் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தோம். நான் குறிப்பெடுத்த எத்தனையோ கூட்டங்களில் தறியே இல்லாமல் இது நடந்திருக்கிறது.

முதல் முறை நூல் அறுந்தபோது சித்திர மாஸ்டர் பேசினார். "நான் ஒரு பொம்புளயக் கீறுறன். இடுப்பில வெறுங்குடம். பின்னால வெடிச்ச வயல்."

"மாஸ்டர், வயலுக்குக் குடத்தாலயா தண்ணி ஊத்துற?" என்றார் விரிவுரையாளர்.

"சேர், தண்ணிக்கி நிறமில்ல. குடம் இல்லாம அத எப்பிடிக் கீறுற?"

"பன்னிரண்டு வயலும் அதுக்குள்ள எங்க வரும்?"

"அவட கண்ணில வரும்."

அந்தப் பெண்ணை எனக்கு முன்பே தெரியும். சுகாதார வாரத்தில் அவள் கையில் சவர்க்காரம் இருந்தது. எழுத்தறிவு தினத்தில் புத்தகம் இருந்தது. மரநடுகைக்கு வேப்பங்கன்று. மாஸ்டரிடம் ஒரு பெண்தான். கையில் இருப்பதை மட்டும் அழித்து எழுதுவார்.

தேத்தண்ணி நேரத்தில் ராத்தா கட்டத்தாளை வாங்கிப் பார்த்தார். அதை அவர் பிடித்த விதத்திலேயே தெரிந்தது, அந்த மாதிரித் தாள் அவருக்குப் புதிதில்லை.

"இது என்ன தம்பி, நூல் கணக்கா?"

"இல்ல ராத்தா, தண்ணிக் கணக்கு. தண்ணி பாஞ்ச நாள் நீலம். பாயாத நாள் மண்நிறம்."

"நீலம் இத்தின, மண்நிறம் இத்தின, மறுகா நீலம் இத்தின. இத நெய்ஞ்சிரலாமே. இதுக்கு என்னத்துக்கு இவ்வளவு கதை?"

விரிவுரையாளர் பாய்ந்து எழுதினார்: ஒரு நாளுக்கு இத்தனை நூல், முதலாம் வயல் நீலம் இவ்வளவு, மண்நிறம் இவ்வளவு என்று பன்னிரண்டு வயலுக்கும். கூட்டல்களை நான் இரண்டு தரம் சரிபார்த்தேன். எல்லாம் சரி. தாளை ராத்தா மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்கு மேல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது என்பது எங்கள் நால்வரில் யாருக்கும் தெரியாது.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாஸ்டரின் படம் வந்தது. வாசிகசாலை நிருவாகத்தில் மூன்று பேருக்கு அந்தப் பெண்ணின் முகம் பிடிக்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் இப்படி ஒரு முகமா என்றார்கள். மாஸ்டர் கோபிக்கவில்லை. படத்தை வாங்கிக்கொண்டு போய், குடத்தை இடுப்பிலிருந்து தூக்கி முகத்துக்கு நேரே பிடிக்க வைத்து, கொஞ்சம் பெரிதாக்கியும் கொண்டுவந்தார்.

"பன்னிரண்டு வயலும் கண்ணில இரிக்கி எண்டீங்களே மாஸ்டர்" என்றார் விரிவுரையாளர்.

"இப்ப குடத்துக்குள்ள இரிக்கி" என்றார் மாஸ்டர்.

கண்காட்சி அன்று திறப்பு நான்கு மணிக்கு. இரண்டு மணிக்கு ராத்தா துணியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். இரண்டு கம்புகளில் கட்டிச் சுவரில் விரித்தோம். நான் அழகைப் பற்றி அதிகம் எழுதுகிறவன் இல்லை. ஆனால் அந்த நீலத்தைப் பார்த்து மேசை துடைத்துக்கொண்டிருந்தவரும் நிமிர்ந்தார். இடது ஓரத்தில் அகன்ற நீலம். அது போகப் போக ஒடுங்கி, மண்நிறம் அகன்று, பன்னிரண்டாவது வரியில் ஒரு விரல் நீலம் மட்டும் மிஞ்சியது. என் வயல். அதைத் தாண்டிப் பார்த்தேன். துணி முடியவில்லை. இன்னும் பாதிச் சுவருக்குப் போனது. எண்ணினேன். பன்னிரண்டுக்குப் பிறகு மறுபடியும் பன்னிரண்டு. அடுத்தது பதினொன்று, பத்து, ஒன்பது. வலது ஓரத்தில், இடது ஓரத்தில் இருந்த அதே அகன்ற நீலம்.

விரிவுரையாளரும் எண்ணி முடித்திருந்தார். "ராத்தா, பன்னிரண்டாவதோட முடியணும்."

"முடிஞ்சா?"

"முடிஞ்சா அவ்வளவுதான்."

"மறுகா திரும்பி வராதா?"

"என்னத்துக்கு ராத்தா திரும்பி வாற?"

ராத்தா அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. "ஒரு கரை நீலம், மத்தக் கரை மண்நிறம் எண்டா, உடுக்கிற மனிசன் ஒவ்வொரு நாளும் தலை எது கால் எது எண்டு பாத்தா உடுக்கிற? எந்தப் பக்கம் புடிச்சி உடுத்தாலும் ஒண்டா இரிக்கணும் தம்பி. ஓடர் தாற எல்லாரும் பாதியத்தான் எழுதித் தாற. மத்தப் பாதி எங்களுக்குத் தெரியும்."

உண்மைதான். மருதமுனையில் லுங்கி என்கிற சாரனுக்கு மாதிரி எழுதுகிறவர்கள் ஒரு கரையிலிருந்து நடு வரைக்கும்தான் எழுதுவார்கள். நடுவிலிருந்து அதே கணக்கைப் பின்னோக்கிப் போட்டுக்கொண்டு போவது நெசவுகாரர் வேலை. அதைச் சொல்ல வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றாது. விரிவுரையாளர் மற்றப் பாதியை எழுதாததற்குக் காரணம், வாய்க்காலுக்கு மற்றப் பாதி இல்லை என்பது.

"இது சாரன் இல்ல ராத்தா. ஆராய்ச்சி."

"உடுக்க ஏலாத துணிய நான் நெய்யிறல்ல."

"பாதிய மடிச்சித் தொங்கப்போடுவமா?"

"மடிச்சித் தொங்கப்போட இது என்ன காயப்போட்ட துணியா?"

என் நிலைமையைச் சொல்ல வேண்டும். ஆறு வருடம் கடைசியில் கிடந்த என் வயல் இப்போது சுவரின் நடுவில் வந்துவிட்டது. அதற்கு வலப்பக்கம் இல்லாத பன்னிரண்டு வயல்கள் இல்லாத தண்ணீரில் நிறைந்து கிடந்தன. எஞ்சினியர் பார்த்தால் 'நடுவில் கொஞ்சம் காய்ந்திருக்கிறது, மற்றப்படி வட்டை நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்வார். தொடக்க உரையில் பிழையை விளக்குகிறேன் என்றார் விரிவுரையாளர். பின் அறையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

எஞ்சினியர் மட்டக்களப்புப் பக்கத்துக்காரர். எங்கள் ஊரில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார்: நான்கு மணிக் கூட்டத்துக்கு மூன்றே முக்காலுக்கு வந்தார். விரிவுரையாளர் இரண்டாம் பக்கத்தில் இருந்தார். மச்சான் வெள்ளைச் சேட்டோடு, வட்டையில் உள்ள மற்றவர்களோடு வாசலில் நின்றவர், எஞ்சினியரைக் கண்டதும் கூடவே உள்ளே வந்தார்.

எஞ்சினியர் மாஸ்டரின் படத்தின் முன் நின்று, "நல்ல குடம்" என்றார். துணியின் முன் வந்தார். அங்கிருந்து நகரவில்லை. திட்டப்படங்களை வாசித்தே பழகிய மனிதர். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடது ஓரத்தில் விரலை வைத்தார்.

"இது தலைப்பு. இப்பிடியே குறைஞ்சு வந்து, இஞ்ச நடுவில ஒரு வயல் காஞ்சு கிடக்கு." விரல் என் வயலைத் தாண்டி வலப்பக்கம் போனது. "அங்கால இருந்து இவ்வளவு தண்ணி வருதே, அது எந்த வாய்க்கால்?"

பின் அறையிலிருந்து விரிவுரையாளர் தாளோடு ஓடிவந்தார். அதற்குள் மச்சான் பேசிவிட்டார்.

"அது பழைய வாய்க்கால் சேர். அங்கால வட்டையில இருந்து வந்தது. இப்ப ஓடுறல்ல. மூடிக் கிடக்கு."

"ஆர் மூடினது?"

மச்சான் கூரையைப் பார்த்தார். "எனக்கு ஞாபகமில்ல சேர். மச்சான் எல்லாத்தையும் எழுதி வெச்சிருப்பாரு."

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குடத்துக்குப் பின்னால் இருந்த பெண்ணைத் தவிர.

அந்த வாய்க்கால் என் வயலின் மேற்கு வரம்போடு வந்தது. நான் கலியாணம் முடித்து வந்த காலத்திலேயே அதில் பாதி தூர்ந்திருந்தது. தண்ணீர் வராத வாய்க்கால் எதற்கு என்று ஒரு பெரும்போகத்தில் அதை உழுது என் வயலோடு சேர்த்துக்கொண்டேன். மழைக் காலம், யாரும் கவனிக்கவில்லை. மச்சான் கவனித்திருக்கிறார். சொந்தக்காரன் என்பதற்காக அவர் எனக்குச் செய்த ஒரே சலுகை அது. அதையும் என்னிடம் சொல்லாமல் செய்திருக்கிறார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. அளவு கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடும்.

"நான்தான் சேர். ஆறடி அகலம். நீளம் எழுபத்திரண்டு யார்."

எஞ்சினியர் துணியையும் அதன் கீழே மேசையில் ஆண்டு எழுதி அடுக்கியிருந்த என் ஆறு கொப்பியையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வாய்க்காலுக்கு மேல வெள்ளாமய வெச்சிக்கிட்டு, தண்ணி வரல்ல எண்டு ஆறு வருஷம் எழுதியிருக்கிறீங்க."

"ஓம் சேர்."

"திறக்கலாமா?"

மச்சான் இப்போது கூரையைப் பார்க்கவில்லை. ராத்தா வாசல் பக்கம் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னால் என் ஆறு கொப்பியும் அந்த நிமிடத்தோடு கடலை சுற்றத்தான் உதவும். ஓம் என்று சொன்னால் நூற்று நாற்பத்துநான்கு சதுர யார் நிலம் போகும்.

"திறக்கலாம் சேர்."

அதன் பிறகு விரிவுரையாளர் தன் உரையை வாசித்தார். துணியின் வலப் பாதி பிழை என்று நான்கு பக்கத்தில் விளக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். யாரும் நம்பவில்லை. கூட்டம் கலைந்த பின் அவரைத் தனியே பிடித்துக் கேட்டேன்: "சேர், கொப்பி எல்லாத்தையும் வாசிச்சீங்களே, அந்த வாய்க்கால் கதையக் காணல்லயா?"

"கண்டன் காக்கா. மூணாவது கொப்பி, பின் அட்டைக்குள்ள. அது என்ட தலைப்புக்கு வெளியில."

அத்தனை நீளமான தலைப்புக்கு வெளியில் ஒரு வாய்க்கால் விழுந்துவிட்டது.

மச்சானிடம் கேட்க எனக்கு மூன்று வெள்ளிக்கிழமை பிடித்தது. மீன் தலையை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "ஆராய்ச்சிக்காரன் பழைய வாய்க்காலையும் கண்டு புடிச்சிட்டான் எண்டு நெனச்சன் மச்சான். துணியில நெய்ஞ்சே வெச்சிரிக்கி. இனி ஒளிச்சா எனக்குத்தானே வெக்கம்."

வட்டைக் கூட்டத்தில் முதல் வயல்காரரின் மதகைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. கடைசி வயலுக்கு வேறு வழி பிறந்துவிட்டதால் தலைப்பில் இருந்தவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய வாய்க்கால் வெட்டிய அன்று பதினொரு வயல்காரர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். பொதுவாய்க்கால் துப்புரவுக்கு ஐந்து பேருக்கு மேல் வந்ததாக என் கொப்பியில் இல்லை. என் நிலத்தை வெட்டுவதில் அவர்களுக்கு இருந்த உற்சாகத்தை எழுத ஒரு பக்கம் போதவில்லை. நான் நான்கடி போதும் என்றேன். மச்சான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஆறடி எண்டு நீங்கதான் சேரிட்ட சொன்ன" என்றார்.

துணியை ராத்தா திரும்பக் கொண்டுபோய் அதே மாதிரியில் இன்னும் ஒரு பாவு ஓட்டிச் சாரன்களாக விற்றாராம். நல்ல ஓட்டம் என்று கேள்வி. எந்தப் பக்கம் பிடித்து உடுத்தாலும் ஒன்றாகத்தான் இருந்தது.

அந்தச் சிறுபோகம் மேற்கிலிருந்து தண்ணீர் வந்தது. அதோடு அடுத்த வட்டையின் ஆகாயத்தாமரையும் வந்தது. அதை வாரிப் போடுவது என் காலை வேலையில் சேர்ந்தது. எங்கள் வாய்க்காலில் வந்த ஈரத்தையும் நான் விடவில்லை. முறை முறைதான். அடுத்த சிறுபோகம் பாதியில் மச்சான் ஒரு தாளோடு வந்தார். கடைசி வயல்காரருக்கு இரண்டு வாய்க்காலாலும் தண்ணீர் பாய்கிறது, இது அநியாயம் என்று ஒன்பது பேர் கையெழுத்திட்ட முறைப்பாடு. என் வயலில் தண்ணீர் நின்ற நாட்களை யாரோ காலையில் வந்து ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருந்தார்கள். கையெழுத்து அழகாக இருந்தது.

"என்ன மச்சான் சொல்றீங்க?" என்றார்.

உள்ளே போய் அந்த வருடத்துக் கொப்பியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர்கள் கணக்கில் ஒரு நாள் குறைவு. சிவப்பு மையால் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, தாளை மச்சானிடம் திருப்பிக் கொடுத்தேன்.